காகிதப் பறவை மொபைல்: குச்சிக்கும் எடை உண்டு

போன வருஷம் ஆடி மாசம் அம்மா கிணத்தடியில் வழுக்கி விழுந்துட்டாங்க. முதுகெலும்பில் லேசான முறிவு. ஆபரேஷன் தேவையில்லை, ஆனால் ஆறு வாரம் மல்லாந்து படுத்தே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிவி பக்கம் தலையைத் திருப்பினால் வலி. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் கை கடுக்குது. மூணாவது நாள் என்னைக் கூப்பிட்டு, "மோட்டுவளையையே எவ்ளோ நேரம்ப்பா பாத்துகிட்டு கிடக்கறது?" என்றார்.

அந்த அறையின் மேல்தளத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது. எனக்கும், பிறகு என் மகளுக்கும் தூளி கட்டிய கொக்கி. அது சரியாக அம்மாவின் முகத்துக்கு மேலே வருகிற மாதிரி கட்டிலை நகர்த்திவிட்டு, அதில் காகிதப் பறவைகளைத் தொங்கவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை என்று நினைத்தேன். ரெண்டு வாரம் இழுத்தது. ஏன் இழுத்தது, எங்கே தப்பு பண்ணினேன், நீங்கள் செய்தால் எப்படி ஒரே மதியத்தில் முடிக்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

மொபைல் என்ற பெயர்

முதலில் கொஞ்சம் பின்னணி. நம்ம கைபேசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குச்சிகளின் முனைகளில் பொருள்களைக் கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சமநிலையில் தொங்கவிட்டு, காற்றில் மெல்லச் சுழல விடுவதற்குத்தான் கலை உலகத்தில் மொபைல் என்று பெயர். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் (1898–1976) இதைப் பெரிய கலையாக வளர்த்தவர். நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம், ஏன்னா அவர் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நியூ ஜெர்சியில் உள்ள ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் 1919-ல் பட்டம் வாங்கினார். 1930-ல் பாரிஸில் ஓவியர் மோந்திரியானின் ஸ்டூடியோவுக்குப் போனார். சுவரில் ஒட்டியிருந்த வண்ணச் செவ்வகங்களைப் பார்த்ததும், இவை அசைந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மோந்திரியானுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. கால்டர் தானே அசையும் சிற்பங்கள் செய்ய ஆரம்பித்தார். 1931-ல் அவற்றைப் பார்த்த மார்செல் துஷான் வைத்த பெயர்தான் மொபைல். ஆரம்பத்தில் சிலவற்றை மோட்டார் வைத்துச் சுழற்றினார். பிறகு மோட்டாரை விட்டுவிட்டு, காற்றையே நம்பினார்.

1955-ல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கி, அங்கேயே பல சிற்பங்கள் செய்துகொடுத்துவிட்டுப் போனார்.

என் முதல் தோல்வி

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மொபைல் இன்னொரு இடத்திலும் அறிமுகம் ஆகியிருக்கலாம். ஏபல்சனும் சஸ்மனும் எழுதிய 'ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரிடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்' புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் பயிற்சி 2.29 மொபைலைப் பற்றியது. ஒரு மொபைலுக்கு இரண்டு கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நீளம், அதன் முனையில் ஒரு எடை அல்லது இன்னொரு மொபைல். இது சமநிலையில் இருக்கிறதா என்று சொல்லும் புரோகிராம் எழுதணும். இடப்பக்க நீளம் × எடையும் வலப்பக்க நீளம் × எடையும் சமமா, கீழே தொங்கும் ஒவ்வொரு குட்டி மொபைலும் அதே மாதிரி சமமா என்று பார்த்தால் முடிந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அதை ரொம்ப ஈஸியாகப் போட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

பறவைக்கு ஜப்பானிய ஓரிகாமி கொக்கு. 15 செ.மீ. சதுரத்தில் ஒன்று, 10 செ.மீ. சதுரத்தில் ஒன்று. குச்சிக்கு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மூங்கில் குச்சி, பன்னீர் டிக்கா குத்துவார்களே, அது.

காகிதத்தை எடை போட தராசே வேண்டாம். கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் காகிதம் 80 கிராம் என்று அர்த்தம். 15 செ.மீ. சதுரம் 1.8 கிராம், 10 செ.மீ. சதுரம் 0.8 கிராம். குச்சியில் இரண்டு பறவைக்கும் இடையே 24 செ.மீ. அப்படியானால் பெரிய கொக்கிலிருந்து 24 × 0.8 ÷ 2.6, அதாவது 7.4 செ.மீ. தூரத்தில் நூலைக் கட்டினால் குச்சி படுக்கையாக நிற்கணும். அளந்து, பென்சிலில் குறித்து, நூல் கட்டி, ஃபெவிகால் வைத்து, காயவிட்டுத் தூக்கினேன்.

சின்னக் கொக்கு சர்ரென்று கீழே போக, குச்சி கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றது. லேசான சாய்வு இல்லை, கடிகாரத்தில் ஆறு மணி!

என் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அப்பா, உங்க கணக்குல குச்சி எங்க?" என்றாள்.

அதானே. என் கணக்கில் குச்சி இல்லவே இல்லை. பயிற்சிக் கணக்கில் குச்சிக்கு நீளம் உண்டு, எடை கிடையாது. வீட்டில் இருக்கும் குச்சிக்கு எடை உண்டு.

இரண்டு விதிகள்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் 24 செ.மீ. குச்சி பத்தைச் சேர்த்து வைத்தேன். 12 கிராம். ஒன்று 1.2 கிராம். சின்னக் கொக்கைவிடக் குச்சி கனம்! குச்சியின் எடை அதன் நடுவில், பெரிய கொக்கிலிருந்து 12 செ.மீ.-ல் இருக்கிறது. அதையும் சேர்த்துப் போட்டால்:

(0.8 × 24 + 1.2 × 12) ÷ (1.8 + 0.8 + 1.2) = 8.8 செ.மீ.

நான் கட்டியது 7.4-ல். 1.4 செ.மீ. தப்பு. பறவை இரும்பில் இருந்தால் குச்சியின் எடையை மறந்துவிடலாம். காகிதப் பறவைக்கு மறக்க முடியாது. இது முதல் விதி.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. 1.4 செ.மீ. தப்புக்கு ஏன் முழுசாகக் கவிழணும்? தப்புக்குத் தகுந்த மாதிரி கொஞ்சமாகச் சாய்ந்து நிற்கலாமே? இங்கேதான் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டேன்.

தொங்குகிற எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையம் தொங்குபுள்ளிக்கு நேர் கீழே வரும் வரை திரும்பும். குச்சியைப் படுக்கையாகப் பிடித்திருக்கும்போது ஈர்ப்பு மையம் தொங்குபுள்ளியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் 'பிழை' என்போம். எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை 'ஆழம்' என்போம். பிழையை ஆழத்தால் வகுத்தால் சாய்வு. அவ்வளவுதான். பிழையும் ஆழமும் சமமாக இருந்தால் 45 டிகிரி சாயும். ஆழம் பிழையைப்போல் ஐந்து மடங்கு இருந்தால் 11 டிகிரிதான்.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. பறவை நீளமான நூலில் கீழே தொங்குவதால் ஆழம் நிறைய இருக்கும் என்று தோன்றும். இல்லை. குச்சியைப் பொறுத்தவரை பறவையின் எடை நூல் கட்டிய முனையில்தான் இருக்கிறது. நூல் ஒரு சாணா ஒரு முழமா என்பதைப் பற்றிக் குச்சிக்குக் கவலையே இல்லை. ஆகவே நேரான மூங்கில் குச்சியில் ஆழம் என்பது குச்சியின் தடிமனும் முடிச்சும் சேர்ந்து ஒரு 3 மி.மீ. மட்டுமே. என் பிழை 14 மி.மீ. 14-ஐ 3-ஆல் வகுத்தால், கோணம் 78 டிகிரி. ஆறு மணி ஆனதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் தீர்வும் தெரிந்துவிட்டது. நூல் கட்டும் இடம் மேலே இருக்கணும், பறவை கட்டும் முனைகள் அதற்குக் கீழே இருக்கணும். அதாவது குச்சி வில் மாதிரி வளைந்து, முதுகு மேலே பார்த்திருக்கணும். காவடித் தண்டு மாதிரி. முதுகு 2 செ.மீ. உயர்ந்தாலே போதும், 4 மி.மீ. பிழை வந்தாலும் 11 டிகிரிதான் சாயும், பார்க்க அழகாகவே இருக்கும். நேரான குச்சி சின்னத் தப்பையும் மன்னிக்காது. வளைந்த குச்சி மன்னிக்கும். இது ரெண்டாவது விதி.

வளைந்த, லேசான குச்சிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனால், விளக்குமாறு சுவரில் சாய்ந்திருக்கிறது. தென்னை ஈர்க்கு! தானாகவே கொஞ்சம் வளைவு. லேசு. முனையில் எடை கட்டினால் இன்னும் வளைந்து கொடுக்கும், அதாவது பாரம் ஏற ஏற ஆழமும் கூடும். காசு கொடுத்து வாங்கிய குச்சியில் இல்லாத குணம்.

ஈர்க்கில் ஒரே ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு முனை தடிமன், மறு முனை மெலிசு. அதனால் அதன் எடை நடுவில் இருக்காது, தடித்த முனைப் பக்கம் தள்ளி இருக்கும். கண்டுபிடிக்க ஒரு சின்ன வித்தை உண்டு. ரெண்டு ஆள்காட்டி விரலை நீட்டி, ஈர்க்கை அதன் மேல் படுக்க வைத்து, விரல்களை மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்துங்கள். எப்படி நகர்த்தினாலும் விரல்கள் சந்திக்கும் இடம்தான் ஈர்ப்பு மையம். எந்தப் பக்கம் பாரம் அதிகமோ அந்த விரலில் உராய்வு கூடி நின்றுவிடும், மற்ற விரல் நகரும், பிறகு மாறும். குழந்தைகளிடம் காட்டுங்கள், திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

கீழேயிருந்து பார்க்கும் பறவை

இதற்கிடையில் ஓரிகாமி கொக்கும் தோற்றுப்போனது. ஒன்றை நூலில் கட்டி அம்மாவுக்கு மேலே பிடித்துக் காட்டினேன்.

"என்னதுப்பா இது?"

"கொக்கும்மா."

"எனக்கு ஒரு கட்டம்தான் தெரியுது."

நான் படுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஓரிகாமி கொக்கின் அழகு பக்கவாட்டில் இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் வயிற்றுச் சதுரமும் ரெண்டு கோடும்தான் தெரியும். தொட்டிலுக்கு மேல் கட்டுகிறவர்களும் இதை யோசிக்கணும். நாம் நின்றுகொண்டு ரசிக்கிறோம், குழந்தை படுத்துக்கொண்டு பார்க்கிறது.

அதனால் பள்ளிக்கூடத்தில் செய்வார்களே, அட்டையில் உடம்பு வெட்டி, விசிறி மடிப்பில் இறக்கை செருகும் பறவை, அதற்கு மாறினேன். கீழேயிருந்து பார்த்தால் விரிந்த இறக்கை முழுசாகத் தெரியும்.

செய்முறை இதுதான்.

உடம்புக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை. அந்தத் தடிமன் அட்டை சரியாக இருக்கும், நம் வீடுகளில் பஞ்சமும் இல்லை. 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரத்தில் தலை, வயிறு, வால் என்று ஒரு பறவை வடிவம் வெட்டுங்கள். இறகு, கண் எல்லாம் வரைய வேண்டாம், தூரத்தில் தெரியாது.

இறக்கைக்கு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் கலர் ஏ4 தாள். அதைப் பாதியாக வெட்டினால் ஏ5. 21 செ.மீ. நீளப் பக்கத்துக்கு இணையாக, 1 செ.மீ. அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போங்கள். கடைசியில் 21 செ.மீ. நீளமுள்ள ஒரு பட்டை கிடைக்கும். மடிப்பை நகத்தால் நன்றாக அழுத்தணும். மெல்லிய தாள் இந்த மடிப்பால்தான் தொய்யாமல் நிற்கிறது. கூரைத் தகரத்தை நெளிநெளியாகச் செய்வதும் இதற்காகத்தான்.

உடம்பின் நடுவில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, பட்டையைப் பாதி வரை செருகி, ரெண்டு பக்கமும் விரித்துவிட்டால் இறக்கை. இந்தக் கீறலை நிமிர்த்திப் போடணும், மேலிருந்து கீழாக 1 செ.மீ. நான் முதலில் படுக்கையாகப் போட்டேன். இறக்கை மேலும் கீழுமாக விரிந்தது, கீழேயிருந்து பார்த்தால் மறுபடி வெறும் கோடு. நிமிர்த்திப் போட்டதும் இறக்கை தரைக்கு இணையாக விரிந்தது.

கீறலுக்கு மேலே, முதுகு ஓரத்தில் ஊசியால் ஒரு துளை. நூல் கோத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு கவிழ்ந்தால் துளையை மூக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தணும், வால் கவிழ்ந்தால் வால் பக்கம். இங்கேயும் அதே பிழையும் ஆழமும்தான். துளை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குப் பறவை மன்னிக்கும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏ வரிசைத் தாள்களின் அளவை வகுத்தவர்கள் நமக்காகவே வகுத்த மாதிரி இருக்கிறது. ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர். பாதியாக வெட்டினால் ஏ1, அதில் பாதி ஏ2 என்று போய், ஏ4 என்பது பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம்மில் சரியாக 5 கிராம். ஏ5 இரண்டரை, ஏ6 ஒன்றே கால். எத்தனை முறை வெட்டினாலும் நீள அகல விகிதம் மாறாது. அதனால் ஏ5 இறக்கைக்கு 14 செ.மீ. உடம்பு என்றால், ஏ6-க்கு 10 செ.மீ., ஏ7-க்கு 7 செ.மீ. உடம்பு. மடிப்பின் அகலமும் கீறலும் அதே விகிதத்தில் சுருங்கணும், 7 மி.மீ., 5 மி.மீ. உடம்பின் பரப்பும் ஒவ்வொரு படியிலும் பாதியாகிவிடும். என் ஏ5 பறவை உடம்போடு சேர்த்து 3.5 கிராம். ஏ6 பறவை 1.75. ஏ7 பறவை 0.9-க்குக் கொஞ்சம் கீழே. வேறு தடிமனில் தாள் வாங்கினாலும், எல்லாவற்றையும் ஒரே தாளிலும் ஒரே அட்டையிலும் வெட்டினால் 4 : 2 : 1 விகிதம் அப்படியே இருக்கும். தராசு இல்லாமலே எடைக்கற்கள் கையில்!

கீழிருந்து மேலே

நான் செய்த இன்னொரு தப்பு, மேல் குச்சியை முதலில் கட்டியது. வீடு கட்டுகிற மாதிரி யோசித்தால் அடித்தளத்திலிருந்து தொடங்குவோம், தொங்குகிற பொருளுக்குக் கூரைதான் அடித்தளம் என்று நினைத்தேன். ஆனால் கீழே ஒரு சின்னப் பறவையை மாற்றினால் அதற்கு மேலே இருக்கும் எல்லாக் குச்சியும் சாயும். மேலே எதை மாற்றினாலும் கீழே இருக்கும் குச்சிக்கு ஒன்றும் ஆகாது. எது எதையும் சார்ந்து இல்லையோ அதை முதலில் முடிக்கணும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது தினசரிப் பாடம், இருந்தும் கோட்டைவிட்டேன்.

என்னுடையது நாலு பறவை, மூணு ஈர்க்கு.

கீழ் ஈர்க்கு 24 செ.மீ. ஒரு முனையில் ஏ6 பறவை, மறு முனையில் ஏ7. ஈர்க்கின் எடை 0.7 கிராம். தொங்குபுள்ளி ஏ6 பறவையிலிருந்து சுமார் 9 செ.மீ. மொத்தம் 3.3 கிராம். இனி இந்த முழுத் தொகுதியும் மேல் ஈர்க்குக்கு 3.3 கிராம் எடையுள்ள ஒரே பொருள்.

நடு ஈர்க்கு 30 செ.மீ. ஒரு முனையில் அந்தத் தொகுதி, மறு முனையில் ஏ5 பறவை. ரெண்டும் கிட்டத்தட்ட சம எடை என்பதால் தொங்குபுள்ளி ஏறக்குறைய நடுவில். மொத்தம் 7.7 கிராம்.

மேல் ஈர்க்கு 36 செ.மீ., இருப்பதிலேயே தடிமனானது. ஒரு முனையில் 7.7 கிராம், மறு முனையில் இன்னொரு ஏ5 பறவை. தொங்குபுள்ளி பாரமான முனையிலிருந்து சுமார் 12 செ.மீ. ஆக மொத்தம் 12 கிராமுக்குச் சற்று மேல். ரெண்டு தலைமுறைக் குழந்தைகளைத் தாங்கிய கொக்கியில் 12 கிராம்!

இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டும்தான். ஈர்க்கு ஒவ்வொன்றும் வேறு மாதிரி. தையல் நூலை ஈர்க்கின் மேல் மூணு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். நகத்தால் தள்ளினால் நகரணும், தானாக நகரக்கூடாது. தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் கீழே போகிறதோ அந்தப் பக்கமாக முடிச்சைத் தள்ளுங்கள். முதலில் ஒரு செ.மீ., பிறகு மில்லி மீட்டர் கணக்கில். பசை வைக்க அவசரம் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு குச்சியும் தனியாகச் சுழலும் என்பதை மறக்காதீர்கள். சுழலும்போது ஒரு பறவையின் இறக்கை இன்னொன்றின் நூலில் மாட்டக்கூடாது. நடு ஈர்க்கில் ஏ5 பறவைக்கு 8 செ.மீ. நூல்தான் விட்டேன், மறு முனைத் தொகுதியை 20 செ.மீ. கீழே இறக்கினேன். இப்படி உயரத்தை மாற்றிவிட்டால் இடிக்காது. நூல் நீளம் சமநிலையைப் பாதிக்காது என்று பார்த்தோமே, அந்தச் சுதந்திரம் இங்கே உதவுகிறது.

மின்விசிறி ஓடினால் மொபைல் பிழைக்காது. அந்த அறையில் கொக்கியிலிருந்து அஞ்சு அடி தள்ளி விசிறி. ஒன்றில் வைத்தாலே பறவைகள் ராட்டினம் சுற்றின, மூணில் வைத்தால் நூல்கள் ஜடை பின்னிக்கொண்டன. கடைசியில் கால்மாட்டில் ஒரு டேபிள் ஃபேனைத் தாழ்வாக வைத்துவிட்டு, மேல் விசிறியை நிறுத்திவிட்டோம். ஜன்னல் வழியாக ஆடிக்காத்து வரும். அதுவே ஜாஸ்தி என்று ஒரு கதவைச் சாத்தி வைக்க வேண்டியதாயிற்று.

ஓலைக்கிளி

மாட்டியதும் அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலும் ஒரே மாதிரி இருக்கே, ஒரு குருத்தோலை வெட்டிட்டு வா" என்றார்.

படுத்தபடியே, நெஞ்சின் மேல் வைத்து, அவர் சின்ன வயசில் கற்ற ஓலைக்கிளியை முடைந்தார். எனக்கு வராது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு கிளியைக் கெடுத்து மூணாவதில் கற்றுக்கொண்டாள். அம்மாவின் கிளி தராசில் 6 கிராம். மேல் ஈர்க்கில் இருந்த ஏ5 பறவையை எடுத்துவிட்டு அங்கே கட்டினேன். முடிச்சை 12 செ.மீ.-லிருந்து 16-க்கு நகர்த்தியதும் சமமாக நின்றது. நல்ல வேளை, பசை வைத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் காபி கொண்டுபோகும்போது அம்மா சொன்னார், "தம்பி, கிளி மேல ஏறிடுச்சு."

ஓலை காய்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஈரம் போய், கிளியின் எடை குறைந்து, அந்தப் பக்கம் மேலே போயிருந்தது. முடிச்சை நகர்த்திச் சரி செய்தேன். அதற்கடுத்த நாளும் ஏறியிருந்தது. அப்புறம் இது தினசரி வேலையாகிவிட்டது. அம்மா விழித்ததும் முதலில் கிளியைப் பார்த்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்வார், நான் ஸ்டூல் மேல் ஏறி முடிச்சைத் தள்ளுவேன், மகள் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவாள். முதல் நாள் 16 செ.மீ., நாலாம் நாள் 13, எட்டாம் நாள் 11.5, பன்னிரண்டாம் நாள் 11. அதற்குப் பிறகு நகரவில்லை.

ஒரு நாள் மகளோடு உட்கார்ந்து, முடிச்சு இருந்த இடத்தை வைத்துக் கிளியின் எடையைத் திருப்பிக் கணக்குப் போட்டோம். முதல் நாள் 6 கிராம், நாலாம் நாள் 4.1, எட்டாம் நாள் 3.3, கடைசியில் 3.1. சமையலறைத் தராசு இதையெல்லாம் 4, 3, 3 என்றுதான் காட்டியிருக்கும். பழைய காலத்தில் ஒரு முனையில் நிலையான கனத்தை வைத்து, தூக்கும் கயிறைக் கோலின் மேல் நகர்த்தி எடை பார்க்கும் நிறைகோல் உண்டு. விளையாட்டுப் பொருள் என்று நினைத்துச் செய்தது அந்த நிறைகோலாகத்தான் இருந்திருக்கிறது. கிளியில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்பதை அது எங்களுக்கு எடை போட்டுக் காட்டியது.

சமநிலை என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டு, பசை வைத்து ஒட்டிவிடும் விஷயமாகத்தான் நான் பார்த்திருந்தேன். குச்சிக்கு எடை உண்டு என்று முதல் வாரம் கற்றுக்கொண்டேன். அந்த எடைகள் நாளுக்கு நாள் மாறவும் செய்யும் என்பது ரெண்டாவது பாடம். அதனால் நீங்கள் செய்யும்போது பச்சை ஓலை, இலை, பூ எதைக் கட்டினாலும் காய்ந்து நிற்கும் வரை முடிச்சு நகரும்படியே இருக்கட்டும். வெறும் காகிதம் என்றால் ரெண்டு நாள் பார்த்துவிட்டு ஃபெவிகால் ஒரு சொட்டு வைக்கலாம்.

ஆறாவது வாரம் அம்மா எழுந்து உட்கார்ந்தார், பிறகு வாக்கர் பிடித்து நடந்தார். இப்போது பகலில் அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. பறவைகளின் கலர் வெளிறிவிட்டது, கிளி பழுப்பாகிவிட்டது. கழட்டிவிடலாமா என்று போன வாரம் கேட்டேன்.

"இருக்கட்டும்ப்பா, காத்து வருதான்னு அதைப் பாத்துதான் ஜன்னலைத் திறக்கறேன்" என்றார்.

ரெண்டு ஏ4 தாள், ஒரு கல்யாணப் பத்திரிகை, விளக்குமாற்றிலிருந்து மூணு ஈர்க்கு, கொஞ்சம் நூல். செய்து பாருங்கள். விளக்குமாற்றிலிருந்து உருவும்போது மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு உருவுங்கள்.